சீல் உடையாத பாட்டில்கள்

மார்ச் 9, சனி
சியாம் ரீப், கம்போடியா

கோலாலம்பூர் வழியாக வந்து காலை பதினொன்றே காலுக்கு இறங்கினோம். பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருடம் கழித்து விழுந்த முதல் முத்திரை. திருச்சியிலிருந்து புறப்பட்ட குழுவில் என்னையும் என் மனைவி செண்பகத்தையும் சேர்த்துப் பதினான்கு பேர். கூட்டி வந்திருப்பவர் நசுருதீன், டிராவல்ஸ் நடத்துபவரின் தம்பி. வெயில் நம் திண்டுக்கல் வெயில்தான். ஆனால் காற்றில் ஈரம் அதிகம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

முப்பத்தோரு வருடம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்று நசுருதீனிடம் விமானத்திலேயே சொல்லியிருந்தேன். ஓட்டலில் எல்லோரும் சாவிக்குக் காத்திருந்தபோது, "சார், தண்ணி விஷயமா நீங்களே நாலு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க" என்றார். சொன்னேன். குழாய்த் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்கக் கூடாது. ஐஸ் கூடாது. வெட்டி வைத்த பழம் கூடாது. பாட்டிலைத் திறக்கும்போது மூடி டிக்கென்று உடையாவிட்டால் அது வேறு யாரோ நிரப்பிய தண்ணீர். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். ஒருவர் செல்போனில் குறித்துக்கொண்டார். மாலைக்குள் எனக்குத் 'தண்ணி சார்' என்று பெயர் வந்துவிட்டது.

மாலையில் கடைத்தெரு. செண்பகம் ஒரு வண்டிக்காரியிடம் கரும்புச்சாறு வாங்கிவிட்டாள். கண்ணாடித் தம்ளர், பாதிக்கு மேல் ஐஸ். வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் பார்த்துவிட்டேன். வாங்கிக் கீழே ஊற்றினேன். "நான் அங்க பாடம் எடுத்துட்டு வர்றேன், என் வீட்லயே இப்படியா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் ஒரு பாடம்.

இனி தண்ணீர் என் பையிலிருந்து மட்டும்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நானே சீல் பார்த்து, மூடியில் பேனாவால் குறி போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

அங்கோர் வாட். விடியுமுன் கிளம்பினோம். இவ்வளவு பெரிய கோயிலைக் கல்லால் கட்டியவர்கள் குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சுற்றிலும் அகழி. வழிகாட்டியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

செண்பகத்துக்கு எட்டு மணி மாத்திரையைப் பஸ்ஸிலேயே கொடுத்தேன். ரத்த அழுத்தத்துக்கானது. நீர் பிரிவதற்கான மருந்தும் அதிலேயே சேர்ந்திருக்கிறது. மாத்திரை விஷயத்தில் ஒரு நிமிடம்கூடத் தப்பவிடுவதில்லை.

அதனாலோ என்னவோ, பத்து மணிக்குள் இரண்டு முறை கழிப்பறை தேடினாள். இரண்டாவது முறை எல்லோரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் ஏறியதும், "கெளம்பறதுக்கு முன்னாடியே போயிட்டு வரத் தெரியாதா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "சரி" என்றாள்.

அவள் இப்போது கடைசி வரிசையில் ஜெபமலரோடு உட்காருகிறாள். மணப்பாறையில் தையல்கடை வைத்திருக்கும் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், தனியாக வந்திருக்கிறார். நான் முன்னால், நசுருதீன் பக்கத்தில். வழியெல்லாம் கேள்வி கேட்க வசதி.

மார்ச் 11, திங்கள்

குலேன் மலை. ஆற்றின் அடிப்பாறையிலேயே வரிசை வரிசையாக லிங்கம் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் என்கிறார்கள். தண்ணீர் அவற்றின்மேல் கணுக்கால் அளவு ஓடுகிறது. நம் குழுவில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செண்பகம் குனிந்து உள்ளங்கையில் அள்ளினாள்.

"கீழ போடு. மேல மாடு கெடக்கோ மனுஷன் குளிக்கிறானோ, யாரு கண்டா?"

"தலையிலதாங்க தெளிச்சுக்கறேன்."

"வாய மூடிட்டுத் தெளிச்சுக்க."

தெளித்துக்கொண்டாள். ஈரம் காயும்வரை அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நேற்று எடுத்துப்போன ஆறு பாட்டிலில் நாலு அப்படியே இருந்தது. நான் ஒன்றரை குடித்திருப்பேன். இன்று புதிதாக வாங்கவே வேண்டியிருக்கவில்லை. நல்லது.

மார்ச் 12, செவ்வாய்

கோ கேர் என்ற இடம். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை. படி படியாக ஏறும் கோபுரம். செண்பகம் ஏறவில்லை. தலை வலிக்கிறதாம், கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதாம். மதியம் இரண்டு வாய் சோறு. வழியில் ஒருமுறைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நசுருதீனே, "அம்மா இன்னிக்கு பழகிட்டாங்க சார்" என்றார்.

நாளை ஏரி.

மார்ச் 13, புதன்

காலை உணவின்போது செண்பகம் என்னை "அண்ணா" என்றாள். "அண்ணா, அந்தத் தட்ட எடுங்க." அவளுடைய அண்ணன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

படகில் ஏறும்போது வலது செருப்பை இடது காலில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெபமலர்தான் குனிந்து மாற்றிவிட்டார். தண்ணீரின்மேல் உயரமான கம்பங்களில் நிற்கும் வீடுகள். பள்ளிக்கூடம்கூட அப்படித்தான். இதையெல்லாம் பார்க்கத்தான் வந்தோம். அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பாதி வழியில், "கவுண்டர் மூடிட்டாங்களா?" என்று கேட்டாள். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவள். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது.

"எந்தக் கவுண்டர்?"

"மணியார்டர்" என்றாள்.

விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடுகிற முகமாக இல்லை. உதடு வெடித்திருந்தது. வெயில்.

மார்ச் 14, வியாழன்

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வயிற்றுப்போக்கு இல்லை. வாந்தி நேற்று ஒருமுறை, அதுவும் வெறும் ஓங்கரிப்பு. காய்ச்சல் இல்லை. கெட்ட தண்ணீர் குடித்தவர்களுக்கு வருகிற எதுவும் இவளுக்கு இல்லை. ஆனாலும் அறை எண்ணை மறந்துவிட்டு, மூன்றாம் மாடியில் யாருடைய கதவையோ தட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஓட்டல் பையன்தான் கூட்டி வந்தான்.

என் பெட்டியில் இருந்த பரிசோதனைச் சாமான்களை எடுத்து, எங்கள் பாட்டில் தண்ணீரையே சோதித்துப் பார்த்தேன். இரண்டு பாட்டில். கார அமிலத் தன்மை சரி. நைட்ரேட் சரி. கிருமிக்கான குப்பியில் நிறம் மாறவில்லை. தண்ணீரில் குறையில்லை. அப்படியானால் என் கண்ணில் படாமல் வேறெங்கோ குடித்திருக்க வேண்டும்.

"செம்பகம், உண்மையச் சொல்லு. வெளில எங்கயாவது தண்ணி குடிச்சியா?"

"இல்லையே."

"கோவப்பட மாட்டேன். சொல்லு."

ரொம்ப நேரம் யோசித்தாள். "குடிச்சேன்."

"எங்க?"

"ஆத்துல."

குலேன் மலை ஆறுதான் என்று நினைத்தேன். அன்றைக்கே சந்தேகப்பட்டேன். "தலையில தெளிக்கறேன்னுதானே சொன்னே? எத்தனை வாய் குடிச்சே?"

"கூட்டம் ஜாஸ்தி. எங்கப்பா தோள்ல தூக்கி வச்சிருந்தாரு."

"எந்த ஆறும்மா?"

"வைகை" என்றாள். மதுரைக்காரி.

அவளுடைய பெரியம்மா கடைசி நான்கு வருடம் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நோய் ரத்தத்தில் வரும் என்கிறார்கள். இப்படி ஒரே வாரத்திலா வரும்? யாரிடம் கேட்பது? மகளுக்கு போன் போட எடுத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். வயிற்றுக்கு ஓய்வு கொடுப்போம் என்று மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன். எட்டு மணி மாத்திரையைக் காலையிலேயே கொடுத்துவிட்டேன்.

வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. ஊருக்குப் போனதும் அதை முதலில் போட வேண்டும்.

மார்ச் 15, வெள்ளி
ஆஸ்பத்திரி

காலை ஆறரைக்கு எழுப்பினேன். கண் திறந்தது, ஆனால் ஆள் வரவில்லை. "செம்பகம்" என்றேன். அவள் பார்வை என்மேல் பட்டு அப்படியே நழுவிச் சுவருக்குப் போய்விட்டது. என் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்த ஜெபமலர் அவள் கையின் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். மடிப்பு மடிப்பாகவே நின்றது. "சார், வண்டி சொல்லுங்க. இப்பவே" என்றார்.

நசுருதீன் வேன் கொண்டுவந்தார். இருபது நிமிடம். வேனில் அவள் தலை என் மடியில் இருந்தது. கையில் பாட்டில் வைத்திருந்தேன், குறி போட்டது. வாயில் ஊற்றப் போனேன். "மயக்கத்துல இருக்கறவங்களுக்கு ஊத்தக் கூடாது சார்" என்று ஜெபமலர் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நிதானமான ஆங்கிலம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார், அட்டையைக் காட்டினேன். சிறுநீர் கடைசியாக எப்போது போனார் என்று கேட்டார். தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் குடிப்பார் என்று கேட்டார்.

தண்ணீர் சுத்தமானது, நானே சோதித்தேன் என்றேன்.

அதைக் கேட்கவில்லை என்றார். எவ்வளவு குடித்தார்?

பையில் இருந்த இந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். எங்கே வாங்கினேன், என்ன பார்த்தேன் என்று எல்லாம் இருக்கிறது. அவர் கேட்டது இல்லை.

ரத்தத்தில் சோடியம் 116. இருக்க வேண்டியது 135-க்கு மேல். உடம்பில் தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை. இந்த வெயிலில் அந்த மாத்திரை இருந்ததையும் வெளியே தள்ளிவிட்டது. சிறுநீரகமும் சிரமப்படுகிறது. குழப்பம், மறதி எல்லாம் அதனால்தான் என்றார். மூளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றால் உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். வேகமாக ஏற்றினால் அதுவே மூளையைக் கெடுத்துவிடும். இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

தண்ணீர் இல்லாமலா? பை நிறையப் பாட்டில் வைத்திருந்தேனே.

மார்ச் 16, சனி

குழு இன்று வியட்நாம் போகிறது. நசுருதீன் தன் வேலையை விட்டு இருக்க முடியாது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை எனக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். போகுமுன் ஜெபமலர் பார்க்க வந்தார். செண்பகம் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அக்கா தண்ணி குடிச்சு நான் பாக்கவே இல்ல. என் பாட்டில நீட்டினேன். 'வேணாம், அவரு சீல் பாக்காதது'ன்னாங்க. உங்ககிட்டயே போயி வாங்கிட்டு வரட்டான்னேன். 'குடிச்சா எறங்கணும், எறங்கினா வண்டி நிக்கணும், வேணாம் ஜெபா'ன்னாங்க. நாக்கால உதட்ட ஈரம் பண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"இத ஏம்மா முன்னாடியே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே சார். அந்தக் கோபுரத்துக்கிட்ட. அக்கா காலையிலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கலன்னேன். கண்டதக் குடிக்கறதுக்கு இது மேலுன்னு சொல்லிட்டுப் படி ஏறிப் போயிட்டீங்க."

அவர் போனபின் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். அதில் அப்படி எதுவும் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

சோடியம் 121. கண் திறந்தாள். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினாள். தமிழில்தான். நர்ஸ் அவர்கள் மொழியில் பதில் சொன்னாள். இருவரும் அப்படியே கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கமாக இருக்கலாம்.

மகள் வான்மதி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். இனியும் மறைக்க முடியாது.

"அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. தேறிட்டு வர்றா."

"என்னப்பா ஆச்சு?"

"தண்ணி ஒத்துக்கல."

வாயில் அதுதான் வந்தது.

"நீங்க கூட இருந்துமாப்பா?"

"வெளியூரு. நம்ம எவ்வளவுதான் பாக்கறது?"

அவள் அழுதாள். புறப்பட்டு வருகிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றேன். அரை மணி நேரத்தில் என் தம்பி பேசினான். பிறகு சம்பந்தி பேசினார். எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்த ஊர்த் தண்ணி அப்படி, இந்த ஊர்த் தண்ணி இப்படி, அவருடைய மைத்துனர் பாங்காக் போய்ப் படுத்தது. ஆமாம் ஆமாம் என்றேன்.

மார்ச் 18, திங்கள்

126.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் டாக்டர் அவளிடம் கிழமை கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"என்ன எல்லாரும் எங்கிட்ட கெழமையே கேக்கறாங்க?" என்றாள். "செவ்வாய். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது டாக்டர் போயிருந்தார். செண்பகம் எழுந்து உட்கார்ந்து, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஏரி, படகு எதுவும் நினைவில்லை என்றாள். அங்கோர் வாட் நினைவிருக்கிறதாம். நான் மூன்று நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"தாகம்னா ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்னம்மா?"

"கேட்டேனே. அந்தக் கோயில்ல. பாட்டில எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, சீல் எப்படிப் பாக்கணும்னு அங்க நின்ன நாலு பேருக்கும் சேத்து சொல்லிக் காட்டினீங்க. சொல்லி முடிக்கறதுக்குள்ள வழிகாட்டி கூப்பிட்டாரு. பாட்டிலோட போயிட்டீங்க."

"ஞாபகமில்லையே."

"எனக்கு ஞாபகமிருக்கு" என்றாள். தம்ளரைக் காலி செய்து என்னிடம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

மார்ச் 20, புதன்

134. நாளை மறுநாள் விமானம் ஏறலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்திருக்கிறார்கள். நர்ஸ் செண்பகத்துக்குத் தலை சீவிப் பின்னிவிட்டாள்.

சாயங்காலம் வான்மதி மறுபடி பேசினாள். "தண்ணில என்ன இருந்துச்சாம்ப்பா? டாக்டர் ஏதாவது பேரு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் கண்டுபிடிக்க முடியாதும்மா."

கட்டிலில் செண்பகம் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. பிறகு மடித்தாள். போனை அவளிடம் கொடுத்தேன். சாப்பாடு, தூக்கம், பேரனின் பரீட்சை என்று பேசினாள். தண்ணீர் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. சொல்லாததும் நன்றாக இல்லை.

மார்ச் 23, சனி
திண்டுக்கல்

நேற்று காலை கிளம்பி, கோலாலம்பூரில் இரவு ஒரு அறை எடுத்துத் தங்கி, இன்று காலை திருச்சியில் இறங்கினோம். செண்பகம் மெதுவாக, ஆனால் தானே நடந்து வந்தாள். வான்மதி கார் எடுத்து வந்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பின் சீட்டில் தலையணை, போர்வை எல்லாம் வைத்திருந்தாள்.

ஊரைத் தாண்டும்வரை அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

"அந்த ஊருக்கு யாரும் போகாதீங்கன்னு குரூப்ல போட்டிருக்கேன்ப்பா. ஓட்டல் பேரு சொல்லுங்க, அதுக்கும் எழுதணும். இப்படித் தண்ணி கொடுத்து ஒரு உயிரையே…"

ஓட்டல்காரர்களை நினைத்தேன். அறை மாறித் தட்டியவளைக் கைபிடித்துக் கூட்டி வந்த பையனை நினைத்தேன்.

"ஓட்டல்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப எந்தத் தண்ணிப்பா?"

"தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் அவளுக்குக் கொடுக்கல."

அவளுக்குப் புரியவில்லை. விளக்கமாகச் சொன்னேன். பை என்னிடம் இருந்தது, வண்டியை நிறுத்தக் கூடாது என்று திட்டினேன், அந்தம்மா வந்து சொன்னதையும் கேட்கவில்லை. நாலைந்து வாக்கியம்தான். சொல்லி முடிப்பதற்குள் மேம்பாலம் ஒன்றைத் தாண்டிவிட்டோம். வான்மதி காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள்.

"அப்படியாம்மா?"

லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. கார் லேசாக ஆடியது.

"ஆமா" என்றாள் செண்பகம்.

இல்லை, விடு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என நான் நம்பி வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாற்பது வருடமாக அவள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். வான்மதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். பின்னாலிருந்து செண்பகம்தான், "வண்டிய எடு, வெயில் ஏறுது" என்றாள்.